பாம்பே குரூப் முதல் ஆர்ஹெச் நல் வரை: அரிய ரத்த வகைகளின் சிவப்பணுச் சவ்வைப் படிப்படியாகப் புரிந்துகொள்ள ஒரு முழு வழிகாட்டி

ப்ளட் குரூப் சீட்டில் ‘ஓ’ என்று எழுதியவர் உங்கள் சிவப்பணுவில் ஓ என்று எதையும் பார்த்துவிட்டு எழுதவில்லை. ஏ இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. பி இருக்கிறதா என்று பார்த்தார், அதுவும் இல்லை. இரண்டும் இல்லாததற்கு வைத்த பெயர்தான் ஓ. பெரும்பாலானவர்களுக்கு இதனால் ஒரு கேடும் வராது. ஏ, பி இரண்டுக்கும் அடிப்படையான ஹெச் என்ற பொருளும் இல்லாத பாம்பே குரூப் ஆட்களுக்கு மட்டும் இது உயிர்ப் பிரச்சினை. மேலோட்டமாகப் பார்த்தால் அவர்களுக்கும் இதே சீட்டுதான் கிடைக்கும்.

காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டைப் பக்கம் எம்.எல்.டி.யோ (மருத்துவ ஆய்வுக்கூடப் படிப்பு) பயோகெமிஸ்ட்ரியோ படிக்கிற பிள்ளைகளையும், “உங்களுக்கு ரேர் குரூப், மதுரைக்குப் போய்ப் பாருங்க” என்று அனுப்பப்பட்ட குடும்பங்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அரிய ரத்தம் என்றதும் உடம்பில் ஏதோ கூடுதலாக ஓடுகிறது என்று நினைக்கிறார்கள். ஏறக்குறைய எல்லா அரிய வகையிலும் சங்கதி நேர்மாறு. ஊருக்கே இருக்கிற ஒன்று இவருடைய சவ்வில் இருக்காது. எது இல்லை, ஏன் இல்லை, அதனால் செல்லுக்கு என்ன ஆகிறது, ஆளுக்கு என்ன ஆகிறது என்ற வரிசையில் போனால் குழப்பம் வராது.

படி 1: சவ்வைத் தெரிந்துகொள்ளுங்கள்

சிவப்பணு 7, 8 மைக்ரான் அகலம். அது நுழைந்து வரவேண்டிய தந்துகிகளில் சில 3 மைக்ரான்தான். சுமார் 120 நாள் இப்படி நெளிந்தே காலம் தள்ள வேண்டும். உட்கரு கிடையாது, அதனால் சேதமான புரதத்துக்குப் பதில் புதிதாக ஒன்று செய்துகொள்ளவும் வழியில்லை. பிறக்கும்போது சவ்வில் என்ன பதிந்ததோ அதை வைத்துத்தான் ஓட்டம்.

எடைக் கணக்கில் சவ்வின் பாதிக்குச் சற்று மேல் புரதம், சுமார் 40 சதவீதம் கொழுப்பு, மீதி சர்க்கரை. கொழுப்பு இரண்டு அடுக்காக நிற்கிறது. வெளி அடுக்கில் பாஸ்பாடிடைல்கோலினும் ஸ்பிங்கோமயலினும் அதிகம். உள் அடுக்கில் பாஸ்பாடிடைல்எத்தனோலமைனும் பாஸ்பாடிடைல்செரீனும். இந்தச் செரீன் வகை வெளியே தலைகாட்டினால் போச்சு, விழுங்குசெல்கள் கிழட்டுச் செல் என்று பிடித்துத் தின்றுவிடும். அதனால் ஃப்ளிப்பேஸ் என்ற என்சைம், செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யைச் செலவழித்து அதை உள்ளுக்குள்ளேயே தள்ளிக்கொண்டிருக்கிறது.

கொழுப்புக்கு அடியில் ஸ்பெக்ட்ரின் என்ற நீளப் புரதத்தால் ஆன வலை. செட்டிநாட்டுக் கொட்டானை அமுக்கினால் நெளியும், விட்டால் பழையபடி நிற்கும். அதில் ஓலையின் குணம் பாதி, பின்னலின் குணம் பாதி. இந்த வலையும் அந்த வேலையைத்தான் செய்கிறது. முடிச்சுகளில் ஆக்டினும் 4.1ஆர் என்ற புரதமும் உட்கார்ந்திருக்கும். வலையை மேலே சவ்வோடு சேர்த்துக் கட்டுவது அன்கிரின். அந்த அன்கிரின் பிடித்துக்கொண்டிருக்கும் பெரிய ஆள் பேண்ட் 3, ஒரு செல்லுக்குச் சுமார் 10 லட்சம். குளோரைடை உள்ளே விட்டு பைகார்பனேட்டை வெளியே விடுவது அதன் அன்றாட வேலை.

இன்னொரு புரதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்: கிளைக்கோபோரின் ஏ. அதன் மேல் சியாலிக் அமிலம் நிறைய. அதனால் செல்லின் மேற்பரப்பு முழுக்க எதிர்மின்னேற்றம், ஒரு செல் இன்னொன்றைத் தள்ளியே வைக்கும். இந்த இடைவெளியைத் தாண்டி இரண்டு செல்லை ஒன்றாகப் பிடிக்கும் அளவுக்கு ஐ.ஜி.எம். வகை ஆன்டிபாடி (அந்நியப் பொருளில் போய் ஒட்டும் எதிர்ப்புப் புரதம்) பெரியது. ஐ.ஜி.ஜி. வகைக்கு அந்த நீளம் பெரும்பாலும் போதாது, அது ஒட்டிய செல்களைத் திரளவைத்துக் காட்டத்தான் கூம்ப்ஸ் சோதனை. கூம்ப்ஸ் சோதனை எதற்கு என்று தேர்வில் கேட்டால் இங்கிருந்து தொடங்குங்கள்.

ரத்த வகை ஆன்டிஜன் (ஆன்டிபாடி அடையாளம் கண்டு ஒட்டும் பொருள்) எல்லாம் இந்தச் சவ்வின் உறுப்புகள்தான். சில சர்க்கரை: ஏபிஓ, ஹெச், லூயிஸ். பல புரதம்: ஆர்ஹெச், கெல், டஃபி, கிட். இதுவரை 45க்கும் மேற்பட்ட தொகுதிகள் அங்கீகரிக்கப்பட்டிருக்கின்றன. இனி எந்த அரிய வகையின் பெயரைக் கேட்டாலும் இது சர்க்கரையா புரதமா என்று முதலில் கேளுங்கள். பாதி விடை அதிலேயே வந்துவிடும்.

படி 2: சர்க்கரைச் சங்கிலியை ஒரு காகிதத்தில் வரையுங்கள்

மனப்பாடம் செய்தால் மறந்துபோகும், வரைந்தால் நிற்கும். பேண்ட் 3இன் வெளிப்பக்கத்தில் ஒரு நீளச் சர்க்கரைச் சங்கிலி தொங்குகிறது. கேலக்டோஸ், என்-அசிடைல்குளுக்கோசமைன், மறுபடி கேலக்டோஸ் என்று மாறி மாறி வரும். நுனியில் கேலக்டோஸ். நமக்கு வேண்டியது அந்த நுனி மட்டும்.

முதல் வேலை குரோமோசோம் 19இல் இருக்கும் எஃப்.யூ.டி.1 ஜீனுடையது. அது செய்து தரும் என்சைம், ஜி.டி.பி.–ஃபியூகோஸிலிருந்து ஃபியூகோஸ் என்ற சர்க்கரையை எடுத்து, நுனிக் கேலக்டோஸின் 2ஆம் கார்பனில் மாட்டுகிறது. இந்த அமைப்புக்குப் பெயர் ஹெச். எல்லா ஏபிஓ வகைக்கும் அடிப்படை இதுதான்.

ஹெச் வந்த பிறகே குரோமோசோம் 9இல் இருக்கும் ஏபிஓ ஜீனின் என்சைமுக்கு வேலை. ஏ என்சைம் அதே கேலக்டோஸின் 3ஆம் கார்பனில் என்-அசிடைல்கேலக்டோசமைனை மாட்டும். பி என்சைம் அதே இடத்தில் வெறும் கேலக்டோஸை மாட்டும். இரண்டு என்சைமுக்கும் முக்கியமான வித்தியாசம் நான்கே அமினோ அமிலம். ஓ வகையில் பரவலாகக் காணப்படும் ஜீனில் 261ஆம் இடத்தில் ஒரு ஜி எழுத்து விழுந்துவிட்டது. அதன் பிறகு வாசிப்பு முழுக்கப் பிசகி, என்சைம் அரைகுறையாக நின்றுவிடுகிறது. ஆக, ஓ ஆட்களிடம் ஹெச் மாற்றப்படாமல் அப்படியே நிறைய இருக்கும்.

காகிதத்தில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள் (ஏ1, ஏ2 இரண்டும் ஏ வகையின் உட்பிரிவுகள்): ஹெச் மிச்சம் அதிகமாக இருப்பது ஓ-வில், பிறகு ஏ2, பி, ஏ2பி, ஏ1, கடைசியில் ஏ1பி. ஏ1 ஆளிடம் ஏ என்சைம் அவ்வளவு சுறுசுறுப்பு, ஹெச்சைக் கிட்டத்தட்ட எல்லாம் ஏ-வாக மாற்றிவிடும். அதனால்தான் ஏ1, ஏ1பி ஆட்கள் சிலரிடம் குளிரில் மட்டும் வேலைசெய்யும் சாதுவான ஆன்டி-ஹெச் தென்படும். அதைப் பாம்பே என்று நினைத்துப் பதறக் கூடாது.

படி 3: அடித்தளமே விழாவிட்டால்

1952இல் பம்பாயில் ஒய்.எம். பெண்டேயும் உடன் பணியாற்றியவர்களும் லான்செட் இதழில் ஒரு புதிரை வெளியிட்டார்கள். சோதித்தால் ஓ போலத் தெரிகிறது, ஆனால் அந்த ஆளின் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) ஓ ரத்தத்தையும் சேர்த்துத் திரளவைக்கிறது. பாம்பே குரூப் என்ற பெயர் அங்கிருந்து வந்தது. இந்தியாவில் சுமார் 10,000 பேருக்கு ஒருவர் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஐரோப்பாவில் 10 லட்சத்தில் ஒருவர்.

காரணம் நீங்கள் வரைந்த படத்திலேயே இருக்கிறது. இந்திய பாம்பே குரூப் ஆட்களிடம் பரவலாகக் காணும் மாற்றத்தில், எஃப்.யூ.டி.1 ஜீனின் 725ஆம் இடத்தில் டி (T) எழுத்து ஜி-யாக (G) மாறியிருக்கிறது. அதனால் என்சைமின் 242ஆம் அமினோ அமிலம் லூசினாக இல்லாமல் ஆர்ஜினினாகிறது. எண்ணெய்ப் பசையுள்ள அமினோ அமிலம் இருக்கவேண்டிய இடத்தில் மின்னேற்றமுள்ள ஒன்று வந்து உட்கார்ந்தால் என்சைம் செயலிழந்துவிடும். ஃபியூகோஸ் மாட்டப்படுவதில்லை, ஹெச் இல்லை. ஹெச் இல்லாவிட்டால் ஏ என்சைமும் பி என்சைமும் நல்ல நிலையில் இருந்தும் சும்மா நிற்கும்.

ஆக, பாம்பே குரூப் ஆளிடம் ஏ ஜீனோ பி ஜீனோ ஒளிந்திருக்கலாம். அப்பச்சி (அப்பா) ஏபி, பிள்ளைக்கு ஓ என்று சீட்டு வந்தால் வீட்டில் என்னென்ன பேச்சு எழும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏபி ஆளுக்கு ஓ பிள்ளை பிறக்காது என்பது பாடப்புத்தக விதி. பாம்பே குரூப் அந்த விதியை உடைக்கும். இப்படிச் சீட்டு வந்தால் ஆத்தாளைச் சந்தேகிப்பதற்கு முன்னால் ஆன்டி-ஹெச் சோதனை செய்யச் சொல்லுங்கள்.

ஃபியூகோஸ் இல்லாததால் அந்தச் செல்லுக்கு ஏதாவது குறையா? ஒன்றும் இல்லை. உருவம், ஆயுள், ஆக்சிஜன் எல்லாம் சரியாகவே இருக்கும். ஆபத்து அடுத்தவர் ரத்தத்தில் இருக்கிறது. குடலில் வாழும் பாக்டீரியாக்களின் மேலும் இதே மாதிரி சர்க்கரைகள் உண்டு. நம் உடம்பில் ஹெச் இருப்பதால் நாம் அதைக் கண்டுகொள்வதில்லை. பாம்பே குரூப் ஆளின் உடம்புக்கு அது அந்நியப் பொருள், அதனால் சிறு வயதிலேயே ஆன்டி-ஹெச் உருவாகிவிடும். இது 37 டிகிரியிலும் நன்றாக வேலை செய்யும் ஐ.ஜி.எம். ஓ ரத்தம் ஏற்றினால் ஒவ்வொரு செல்லின் மேலும் லட்சக்கணக்கான ஹெச் இருக்கிறது. ஆன்டிபாடி ஒட்டும், காம்ப்ளிமென்ட் (ரத்தத்தில் உள்ள தற்காப்புப் புரதங்கள்) கிளம்பும், சவ்வில் ஓட்டை விழும், ஹீமோகுளோபின் ரத்தக் குழாய்க்குள்ளேயே கொட்டும், சிறுநீரகம் அடிவாங்கும். எல்லோருக்கும் ஓ ஏற்றலாம் என்ற பழைய நம்பிக்கை இந்த ஒருவரிடம் செல்லாது.

பாரா-பாம்பே என்றும் ஒன்று உண்டு. எஃப்.யூ.டி.1க்குப் பக்கத்திலேயே எஃப்.யூ.டி.2 என்ற ஜீன். எச்சில், சளி போன்ற சுரப்புகளில் ஹெச் போடுவது அது. அசல் பாம்பேயில் இரண்டும் செயலிழந்திருக்கும். பாரா-பாம்பே ஆட்களில் பலரிடம் எஃப்.யூ.டி.2 மட்டும் நன்றாக இருக்கும். பிளாஸ்மாவில் மிதக்கும் ஹெச், ஏ, பி கொஞ்சம் வந்து செல்லில் ஒட்டிக்கொள்ளும், முடிவு ரெண்டுங்கெட்டானாக வரும்.

படி 4: மேசையில் எப்படித் தெரியும்

கல்லூரி முகாம்களில் நடப்பது ஸ்லைடு முறை. நீல நிற ஆன்டி-ஏ ஒரு சொட்டு, மஞ்சள் ஆன்டி-பி ஒரு சொட்டு, நிறமில்லாத ஆன்டி-டி ஒரு சொட்டு. ஒவ்வொன்றிலும் ரத்தம் கலந்து, குச்சியால் கலக்கி, ஸ்லைடை மெல்லச் சாய்த்துப் பார்ப்பார்கள். நீலத்திலும் மஞ்சளிலும் திரளாவிட்டால் ஓ. பாம்பே ஆள் இங்கே ஓ-வாகவே கடந்துபோய்விடுவார். முகாம் சீட்டை வைத்துக்கொண்டு யாரும் ரத்தம் ஏற்றக் கூடாது என்று நான் வகுப்பில் கத்துவது இதனால்தான்.

பிடிபடுவது ரிவர்ஸ் குரூப்பிங்கில். நோயாளியின் சீரத்தை மூன்று குழாயில் ஊற்றி, ஏ செல், பி செல், ஓ செல் தனித்தனியே சேர்த்துச் சுழற்றுவார்கள். சாதாரண ஓ ஆளிடம் ஏ, பி குழாய்கள் திரளும், ஓ குழாய் தட்டியதும் மென்மையாகக் கலைந்துவிடும். பாம்பே ஆளிடம் மூன்றும் திரளும். ஓ குழாயைத் தட்டிப் பாருங்கள்: அடியில் ஒரே கட்டியாகப் பெயர்ந்து வரும். சில நேரம் மேலே நிற்கும் திரவம் லேசாகச் சிவந்திருக்கும். செல் உடைந்து ஹீமோகுளோபின் வெளியேறியதன் அடையாளம் அது. சுழற்றியதும் குலுக்கிவிடாமல் முதலில் அந்த நிறத்தைப் பாருங்கள். அவசரத்தில் இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். நோயாளியின் செல்லையே அவர் சீரத்தோடு வைத்த ஆட்டோ கன்ட்ரோல் திரளாமல் இருக்க வேண்டும். அதுவும் திரண்டால் கதை வேறு.

அடுத்தது ஆன்டி-ஹெச் லெக்டின். லெக்டின் என்பது குறிப்பிட்ட சர்க்கரையைப் பிடிக்கும் புரதம். யூலெக்ஸ் யூரோப்பேயஸ் என்ற முட்புதரின் விதையிலிருந்து எடுப்பது. மஞ்சள் பூ பூக்கும் அந்தப் புதரை வெள்ளைக்காரர்கள் நீலகிரிக்கும் கொண்டுவந்து விட்டார்கள், இன்றும் அங்கே களையாக நிற்கிறது. இந்த லெக்டின் ஃபியூகோஸைப் பிடிக்கும். ஓ செல் பலமாகத் திரளும், பாம்பே செல் திரளாது.

லெக்டின் என்றதும் வெளிநாட்டுச் சரக்கு என்று எண்ண வேண்டாம். ஏ1, ஏ2 பிரிக்கப் பயன்படுவது நம் கொள்ளு. டோலிகஸ் பைஃப்ளோரஸ் என்று புட்டியில் எழுதியிருப்பது கொள்ளின் பழைய தாவரப் பெயர். கொள்ளை உப்புநீரில் அரைத்து வடித்த சாறு என்-அசிடைல்கேலக்டோசமைனைப் பிடிக்கிறது. சரியான அளவுக்கு நீர்த்தால் ஏ1 செல்லை மட்டும் திரளவைக்கும், ஏ2வை விட்டுவிடும். ஏ1 செல்லில் சுமார் 10 லட்சம் ஏ இருக்கும், ஏ2வில் அதில் கால்வாசிதான் என்பதால் இது முடிகிறது. நிலக்கடலைக்கும் ஒரு வேலை உண்டு. சில பாக்டீரியாத் தொற்றில் நியூராமினிடேஸ் என்ற என்சைம் சியாலிக் அமிலத்தைச் சீவிவிட, அடியில் மறைந்திருந்த டி (T, ஆர்ஹெச் டி அல்ல) என்ற சர்க்கரை வெளியே தெரியும். அந்தச் செல்கள் யார் சீரத்தோடு வைத்தாலும் திரளும். அதைக் காட்டிக்கொடுப்பது கடலை லெக்டின். அரிய வகை போலத் தோன்றும், தொற்று ஆறியதும் போய்விடும்.

அசல் பாம்பேயா பாராவா என்று பிரிக்க எச்சில் போதும். எச்சிலைக் கொதிநீரில் வைத்து அதிலுள்ள என்சைம்களை அடக்கி, சுழற்றித் தெளிந்ததை ஆன்டி-ஹெச்சோடு கலந்து வைத்து, பிறகு ஓ செல் சேருங்கள். எச்சிலில் ஹெச் இருந்தால் அது லெக்டினைப் பிடித்து வைத்துக்கொள்ளும், செல் திரளாது. திரண்டால் எச்சிலில் ஹெச் இல்லை. முடிந்தால் ஜீன் சோதனையும் செய்து உறுதிப்படுத்துவது நல்லது.

படி 5: புரதம் இல்லாத வகைகள்

சர்க்கரை இல்லாததைச் செல் கண்டுகொள்ளவில்லை. புரதம் இல்லாவிட்டால் அப்படி விடாது, ஏனென்றால் அந்தப் புரதத்துக்கு ஏதோ ஒரு வேலை இருந்திருக்கும்.

ஆர்ஹெச் நல் (null, அதாவது ஆர்ஹெச் புரதம் அறவே இல்லாத வகை) இதற்கு நல்ல சாட்சி. 1961இல் ஆஸ்திரேலியப் பழங்குடிப் பெண் ஒருவரிடம் முதலில் பதிவானது. உலகம் முழுக்க இதுவரை தெரியவந்தவர்கள் சுமார் 50 பேர்தான். டி மட்டும் இல்லாதவர் சாதாரண நெகட்டிவ். இவர்களிடம் டி, சி, இ எதுவுமே இல்லை. பெரும்பாலும் பழுது ஆர்ஹெச்ஏஜி என்ற துணைப் புரதத்தின் ஜீனில் இருக்கும். அது இல்லாவிட்டால் ஆர்ஹெச் புரதங்கள் சவ்வுக்கே வந்து சேராது. அன்கிரினோடு இருந்த கட்டும் தளர்கிறது. செல் நடுவில் வாய்போலப் பிளந்த ஸ்டோமட்டோசைட்டாகி, 120 நாளுக்கு முன்பே அழிகிறது. இதைத் தங்க ரத்தம் என்று எழுதுவது எனக்குப் பிடிக்காது. வாங்குபவருக்குத் தங்கமாக இருக்கலாம், உடையவருக்கு அது ரத்தசோகை.

எனக்குப் பிடித்த சோதனை கிட் வகைக்கானது. கிட் ஆன்டிஜன் இருப்பது யூரியாவைக் கடத்தும் புரதத்தில். 2 மோலார் யூரியாக் கரைசலில் சாதாரணச் செல்லைப் போட்டால் யூரியா சரசரவென்று உள்ளே போகும், பின்னாலேயே தண்ணீர் போகும், ஓரிரு நிமிடத்தில் செல் வெடித்துக் கரைசல் தெளிந்து சிவக்கும். கிட் நல் செல்லில் அந்தக் கதவு இல்லை, அரை மணி நேரம் ஆனாலும் கலங்கலாகவே நிற்கும். ஒரு சமோவா நாட்டு ஆளின் ரத்தம் யூரியா சேர்த்த கரைசலில் உடையாமல் நின்றதிலிருந்துதான் 1982இல் இது தெரியவந்தது. ஆன்டிபாடியே இல்லாமல் அரிய வகையைத் தேட முடிகிற இடம் இது.

மக்லியாட் வகையில் எக்ஸ்கே என்ற புரதம் இல்லை. கெல் புரதம் அதோடு டைசல்ஃபைடு பிணைப்பில் கட்டுண்டது என்பதால் கெல் ஆன்டிஜன்களும் மங்கிவிடும். செல்லில் முட்கள் போல நீட்டிக்கொண்டிருக்கும், நடு வயதில் தசை, நரம்புத் தொல்லைகள் வரலாம். ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பாதிப்பு பெரும்பாலும் ஆண்களுக்கு. டஃபி நல் எதிர்த்திசை: அந்தப் புரதத்தைப் பிடித்துத்தான் விவாக்ஸ் மலேரியா ஒட்டுண்ணி செல்லுக்குள் நுழைகிறது, அது இல்லாதவருக்குப் பெரும் பாதுகாப்பு. ஆப்பிரிக்காவில் பரவல், நம் பக்கம் அபூர்வம்.

நம் நாட்டின் பெயரிலேயே ஒரு தொகுதி உண்டு. இந்தியன் தொகுதி, சி.டி.44 என்ற புரதத்தில் இருக்கிறது, 1973இல் மும்பையில் அடையாளம் காணப்பட்டது. 2025இல் கோலார்ப் பகுதிப் பெண் ஒருவரிடம் கண்ட புதிய ஆன்டிஜனுக்குக் கிரிப் என்று பெயரிட்டார்கள். அது குரோமர் தொகுதியைச் சேர்ந்தது. காம்ப்ளிமென்டின் தாக்குதலிலிருந்து செல்லைக் காக்கும் சி.டி.55 அதன் இருப்பிடம்.

படி 6: குடும்பத்தைச் சோதியுங்கள்

பாம்பே குரூப் வர அப்பச்சியிடமிருந்து ஒன்று, ஆத்தாளிடமிருந்து ஒன்று என்று இரண்டு பழுதான ஜீன் சேர வேண்டும். உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. வேறு எங்கே தேடுவதையும்விட இது எத்தனையோ மடங்கு மேல். அதனால் முதல் போன் அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்கு. செட்டிநாட்டில் அவர்கள் சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ இருப்பது சகஜம். அங்கேயே சோதித்து முடிவை வாங்கி வைக்கலாம்.

சொந்தத்தில் திருமணம் பற்றி ஒரு கணக்கு. 10,000க்கு ஒருவர் என்றால் பழுதான ஜீனின் விகிதம் நூற்றில் ஒன்று, ஐம்பதில் ஒருவர் அதைச் சுமந்துகொண்டு ஒன்றும் தெரியாமல் நடமாடுகிறார். அயித்தை மகன், அம்மான் மகள் கட்டினால் அவர்கள் பிள்ளைக்கு வாய்ப்பு சுமார் 1,400இல் ஒன்று. தாய்மாமனைக் கட்டினால் சுமார் 750இல் ஒன்று. நகரத்தார் ஒன்பது கோயிலில் ஒரே கோயில், ஒரே பிரிவுக்குள் பெண் கொடுத்து எடுக்க மாட்டார்கள். அந்தக் கட்டுப்பாடு தந்தை வழியை மட்டும் பார்க்கிறது. அம்மான் மகள் வேறு கோயிலாக இருப்பாள், ஜீன் கணக்கில் சித்தப்பா மகளுக்கும் அவளுக்கும் நெருக்கம் ஒன்றுதான். செட்டிநாட்டில் இந்த வகை அதிகம் என்று நான் சொல்ல வரவில்லை. கணக்கு எந்த ஊருக்கும் பொருந்தும். கோயில் புள்ளிக் கணக்கும் (கோயில்வாரியான குடும்பக் கணக்கு) பங்காளி விவரமும் இங்கே விரல் நுனியில் இருப்பதால், வம்சவரிசை எழுதி வாங்குவது மட்டும் எளிது. தாய் வழியையும் மறக்காமல் கேளுங்கள்.

படி 7: தேவைக்கு முன்பே ஏற்பாடு

மதுரையோ திருச்சியோ, காரைக்குடியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் 80, 90 கிலோமீட்டர். அவசரத்தில் ஓடிக்கொண்டு சோதனை செய்ய முடியாது. மும்பையில் உள்ள தேசிய நோயெதிர்ப்புக் குருதியியல் நிறுவனம் அரிய வகைகளை உறுதிசெய்வதோடு கொடையாளர் பட்டியலும் பராமரிக்கிறது. உங்கள் ரத்த வங்கி வழியாக மாதிரி அனுப்பலாம். குளிரில் வைத்து அனுப்ப வேண்டும், உறைய விடக் கூடாது. உறைந்தால் பனிப் படிகம் சவ்வைக் கிழித்துவிடும்.

திட்டமிட்ட அறுவை சிகிச்சை என்றால், உடல்நிலை அனுமதித்தால், உங்கள் ரத்தத்தை நீங்களே முன்கூட்டிக் கொடுத்து வைக்கலாம். சி.பி.டி.ஏ.-1 என்ற காப்புக் கரைசல் உள்ள பையில் 35 நாள், எஸ்.ஏ.ஜி.எம். என்ற கரைசல் சேர்த்தால் 42 நாள் தாங்கும். நாள் போகப்போக ஏ.டி.பி. குறைந்து, முதல் படியில் சொன்ன ஃப்ளிப்பேஸும் சோர்ந்துபோகும் என்பது இந்தக் கெடுவுக்கு ஒரு காரணம். நீண்ட காலம் வைக்க கிளிசரால் கலந்து உறையவைப்பார்கள். கிளிசரால் செல்லுக்குள் புகுந்து படிகம் வளராமல் தடுக்கும். 10 ஆண்டுகூட வைக்கலாம், ஆனால் உருக்கிக் கழுவிய பிறகு வழக்கமாக 24 மணி நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும். இந்த வசதி உள்ள இடங்கள் குறைவு, முன்கூட்டியே விசாரியுங்கள். ஹீமோகுளோபினைச் சரியாக வைத்துக்கொள்வது இதையெல்லாம்விட மலிவு. இரும்புச்சத்து விஷயத்தில் அலட்சியம் வேண்டாம்.

கடைசியாக, பர்ஸில் ஒரு அட்டை. அதில் ‘ஓ பாசிட்டிவ்’ என்று எழுதாதீர்கள். “பாம்பே வகை, ஆர்ஹெச் பாசிட்டிவ், ஆன்டி-ஹெச் உண்டு, ஓ ரத்தம் ஏற்றக் கூடாது” என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, உறுதிசெய்த கூடத்தின் பெயர், தேதி, உடன்பிறந்தவர் போன் எண் மூன்றையும் சேர்த்து லேமினேட் செய்துவிடுங்கள். ஆதார் அட்டைக்குப் பின்னால் செருகி வையுங்கள். விபத்து நேரத்தில் ஆஸ்பத்திரியில் முதலில் தேடுவது அதைத்தான்.